வரப்புக்கு அந்தப் பக்கம் எடுத்த போட்டோ

போன ஞாயிற்றுக்கிழமை சௌம்யா வந்திருந்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த விவசாய மாத இதழில் இப்போது கைபேசிப் பதிப்பைக் கவனித்துக்கொள்பவள் அவள்தான். மைசூர் விஜயநகரில் எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள், பத்தொன்பது கார்கள். அவள் வேறு இடமில்லாமல் ஸ்கூட்டரை எதிர்வீட்டு கேட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரோ என்று நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. ஆனாலும் வந்திருக்கலாம்.

சௌம்யா கைபேசியில் ஒரு படம் காட்டினாள். பசேலென்று மஞ்சள் தோட்டம். நடுவே ஒரு விவசாயி, பல் வரிசை தெரியச் சிரித்துக்கொண்டு, மடிப்புக் கலையாத தலைப்பாகையோடு நின்றார். அவருக்குப் பின்னால் மஞ்சள் இலைகளுக்கு மேலே சோளக்கதிர் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஏழு.

"சூப்பரா இல்ல சார்? கம்ப்யூட்டரே பண்ணிக் குடுத்துது. போட்டோகிராபரே வேணாம்" என்றாள்.

"மஞ்சள் செடியில் எப்படியம்மா கதிர் வரும்?"

"அய்யோ சார், அதையெல்லாம் நீங்க ஒருத்தர்தான் எண்ணுவீங்க."

"சரி, இது யார் தோட்டம்?"

"யாரோட தோட்டமும் இல்ல சார். அதுதான் இதுல அட்வான்டேஜ். யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

"ஒருமுறை வந்தார்கள்" என்றேன்.

"ஹௌதா சார், அப்படியா? அப்ப அதையே எழுதிக் குடுங்க, நம்ம தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சௌம்யா கன்னடத்தைச் சரளமாகப் படிப்பாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இதை அவளுடைய அம்மாதான் படித்துக் காட்டுவார் என்பதால் வாக்கியங்களைச் சின்னதாகவே வைத்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் வேறு காரணத்துக்காகவும் எனக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் போகிறேன்.

என் பயிற்சிக் காலத்தை நான்கு வாக்கியங்களில் முடித்துவிடலாம். விவசாயப் பட்டம் வாங்கினேன். எந்த ஊரிலும் யாரும் என்னை வயலில் இறங்கவிடவில்லை. கையெழுத்து நன்றாக இருந்ததால் மைசூரில் ஒரு விவசாய மாத இதழில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஆறு மாதம் சந்தாதாரர்களின் முகவரி எழுதினேன்.

இதழ் கன்னட இதழ். அதன் நடுவில் நான்கு பக்கங்கள் ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்காக வந்தன. அந்த நான்கு பக்கம்தான் என் வேலை. அங்கே வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் தமிழ். பள்ளிக்கூடத்தில் கன்னடம். எனவே தமிழ் எழுத்தில் அச்சடித்தால் பாதிப் பேருக்குப் படிக்க வராது, கன்னடத்தில் எழுதினால் வீட்டுப் பேச்சு போல இருக்காது. அதனால் நாங்கள் தமிழைக் கன்னட எழுத்தில் அச்சடித்தோம். பார்த்தால் கன்னடம், வாய்விட்டுப் படித்தால் கொங்குத் தமிழ். மைசூரில் இருந்த தமிழ்ப் பெரியவர்கள் சிலர் இதைக் கேள்விப்பட்டு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஐந்து பேர். அதில் ஒருவர் என் மாமனார்.

எங்கள் ஆசிரியர் சித்தலிங்கப்பா. நெட்டை மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். "இதைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா" என்றால் சாதாரண நாள். அதோடு "தயவிட்டு" சேர்ந்துவிட்டால் வீட்டுக்குப் போக நேரமாகும். கன்னடத்தில் தயவுசெய்து என்று பொருள். ஒரே வாக்கியத்தில் இரண்டு "தயவிட்டு" வந்தால் யாரோ ஒருவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் பேசியது முழுக்கக் கன்னடம். இங்கே தமிழாக்கித் தருகிறேன், ஆனால் அந்தப் பணிவின் பயங்கரத்தை என்னால் மொழிபெயர்க்க முடியாது.

நாம் எழுதியதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு வாக்கியம் பிடிக்காவிட்டால் பென்சிலைத் தூக்குவார். "யாருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். தப்பு என்றோ சரி என்றோ சொல்ல மாட்டார். இந்த வாக்கியத்தை யாருக்குச் சொல்கிறாய், அந்த ஆள் இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் என்ன செய்வான்? அதற்குப் பதில் இருந்தால் வாக்கியம் பிழைக்கும்.

எங்கள் இதழில் ஒரு நடைமுறை இருந்தது. வேறெங்கும் அப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்குத் 'திருப்பிச் சொல்லல்' என்று பெயர். பயிர் பற்றிய எந்தக் கட்டுரையானாலும் அச்சுக்குப் போகும் முன் அதை எடுத்துக்கொண்டு ஓர் ஊருக்குப் போக வேண்டும். மூன்று பேரைப் பிடிக்க வேண்டும். ஒருவர் அந்தப் பயிரை வைத்திருப்பவர். ஒருவர் வைக்காதவர். மூன்றாமவர் எங்கேயோ அவசரமாகப் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்பவராக இருந்தால் நல்லது. கட்டுரையை ஒரே ஒரு தடவை, சாதாரண வேகத்தில் படிக்க வேண்டும். கையை ஆட்டக் கூடாது. முடிந்ததும் அவர்கள் அதைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும்போது எழுதினவன் வாயைத் திறக்கக் கூடாது. "அப்படி இல்லைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போச்சு, அந்தச் சோதனை செல்லாது. கேட்டவர் தப்பாகச் சொன்னால் தப்பு அவருடையதல்ல, வாக்கியத்தினுடையது.

நான் முதன்முதலில் எடுத்துக்கொண்டு போன கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: விதைக் கிழங்கை மருந்துக் கரைசலில் ஊறவைத்து எடுத்து நிழலில் உலர்த்திய பின் நடவு செய்வது சிறந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. ஹனூர் பஸ் நிலையத்தில் மலைக்கோயிலுக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்ற ஒருவரிடம் படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கெழங்க நெழல்ல ஊற வெச்சு மருந்துல காய வைக்கோணும், அவ்வளவுதானுங்களே?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். நான் பஸ்ஸின் பின்னால் ஓடித் திருத்தியிருப்பேன். சித்தலிங்கப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாக்கியம் நான்காக உடைந்தது. அதற்குப் பிறகு ஒன்பது சொல்லுக்கு மேல் வாக்கியம் எழுத எனக்குக் கை வராது. இந்தக் கட்டுரையில் அந்தக் கட்டுப்பாட்டை மீறிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிகிறது. ஓய்வு பெற்றுவிட்டேன், யார் கேட்பது?

இப்படி வாக்கியம் வாக்கியமாகத் தட்டிப் பார்த்து வாங்கியதால் எங்கள் இதழுக்கு ஊர்ப்பக்கம் ஒரு பெயர் கிடைத்தது. 'அதுல போட்டா சரியாத்தான் இருக்கும்' என்பார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை. அந்தப் பெயரே ஒருநாள் ஒரு பெண்மணியின் தலையில் விழும் என்று யார் நினைத்தோம்?

ஓட்டை இருந்த இடம் போட்டோ. கட்டுரையை வாசித்துக் காட்டலாம், போட்டோவை எப்படி வாசிப்பது? அதனால் படங்களும் அவற்றின் கீழே வரும் ஒற்றை வரியும் திருப்பிச் சொல்லலுக்குப் போனதே இல்லை. படத்தை எங்கள் போட்டோக்காரர் ஜெயராம் எடுப்பார். பின்பக்கம் அவரே ஒரு வரி எழுதித் தருவார். அது அப்படியே அச்சுக்குப் போகும். ஜெயராம் மைசூர்த் தமிழர், கல்யாண வீடுகளில் தொழில் கற்றவர். மணமகனுக்கு எப்படி முகத்தில் வெளிச்சம் வேண்டுமோ அப்படித்தான் விவசாயிக்கும் வேண்டும் என்பது அவர் கட்சி.

ஹனூருக்குப் பக்கத்தில் கௌதள்ளி என்ற ஊரில் மாதையன் என்றொரு விவசாயி மேட்டுப்பாத்தி போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, மஞ்சள் வைத்திருந்தார். அவரைப் பற்றி நான் எழுதினேன். திருப்பிச் சொல்லலில் மூன்று பேரும் பிசகில்லாமல் சொன்னார்கள். பத்து நாள் கழித்து ஜெயராம் போய்ப் படம் எடுத்து வந்தார். மாதையன் மார்பளவு மஞ்சள் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். நல்ல படம்தான். கீழே நான்கு சொற்கள்: தன் மஞ்சள் தோட்டத்தில் மாதையன்.

இதழ் வெளிவந்த அடுத்த வாரம், காலையில் அலுவலகம் திறந்ததும், ஒயர் கூடையோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்க வேண்டும், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏனுங்க, இந்தப் பொஸ்தகம் அடிக்கற எடம் இதுதானுங்களா?"

"ஆமாம்மா, உட்காருங்க."

"உக்கார வரலீங்க." கூடையிலிருந்து இதழை எடுத்து என் மேஜையில் விரித்தார். "இவன் நிக்கறானுங்களே, இது யாரு தோட்டமுங்க?"

"மாதையனுடையது. கீழே போட்டிருக்கிறதே."

"போட்டுட்டாச் சரியாப் போயிருங்களா? இது என்ற தோட்டமுங்க. அவன் என்ற கொழுந்தன். அவன் தோட்டம் வரப்புக்கு அந்தப் பக்கம்." விரலால் படத்தைத் தட்டினார். மாதையனின் தோளுக்குப் பின்னால், கண்ணேறு படாமல் இருக்க நட்டுவைத்த வைக்கோல் பொம்மை ஒன்று நின்றது. நீலக் கட்டம் போட்ட சட்டை மாட்டியிருந்தது. ஓரத்தில் கிணற்று மோட்டார் அறை தெரிந்தது. "இந்தச் சட்டை என்ற ஊட்டுக்காரரோடதுங்க. அவரு செத்தும் தோட்டத்துல நிக்கறாரு. இவன் உசிரோட வந்து முன்னாடி நின்னு மறைக்கறான்."

அந்த அம்மாளின் பெயர் பழனியம்மாள். ஜெயராமைக் கூப்பிட்டேன். அவர் வந்து படத்தைப் பார்த்தார், பழனியம்மாளைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

"சார், அவரு தோட்டத்துல வெயில் நேரா லென்ஸ்ல அடிச்சுது. இந்தப் பக்கம் வந்து நில்லுங்கண்ணான்னேன். நின்னாரு. வரப்பு எங்க முடியுதுன்னு செடிக்கா தெரியும்?"

"எங்களுக்குத் தெரியுமுங்க" என்றார் பழனியம்மாள்.

"எல்லாருமே பண்றதுதான் சார்! பச்சையா இருக்கற எடத்துல நிக்க வைப்போம். போன வருஷம் கரும்பு அட்டைப்படம் ஞாபகம் இருக்கா? அந்த ஆளு கரும்பே போடல. அவரு கறிவேப்பிலை."

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஒரு சொல் பிசகினால் தூக்கம் வராத நாங்கள், ஆளை ஒருவர் தோட்டத்திலும் பெயரை இன்னொருவர் தோட்டத்திலும் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். அன்று மத்தியானம் பழைய இதழ்களை எடுத்துப் போட்டு ஜெயராமை எண்ணச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்த வரையில் பதினோரு பேர் அடுத்தவர் வயலில் நின்றிருந்தார்கள். ஒருவர் அடுத்தவர் மாட்டோடு.

மற்ற பத்துப் பேர் விஷயத்தில் எந்த வில்லங்கமும் வரவில்லை. பழனியம்மாளுக்கு வந்துவிட்டது. அவருடைய மாமனார் இறந்து நிலம் இன்னும் பிரிக்கப்படாமல் பொதுவில் கிடந்தது. கிணற்றை ஒட்டிய அந்தத் தோட்டத்தைப் பழனியம்மாளும் கணவரும்தான் ஆரம்பத்திலிருந்து பயிர் செய்து வந்தார்கள். கணவர் போன பிறகு அவர் ஒருத்தியாகச் செய்தார். இப்போது பாகம் பிரிக்கப் பேச்சு நடக்கப் போகிறது. பேசிப் பிரித்து வைக்கச் சாமராஜநகரிலிருந்து கணவருக்கும் மாதையனுக்கும் தாய்மாமன் வருகிறார். அவர் அங்கே சந்தையில் மண்டி வைத்திருப்பவர். ஊருக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. யார் எந்தத் தோட்டத்தில் பாடுபட்டார்களோ அவர்களுக்கு அது என்பது அவர் போன் செய்து சொல்லியிருக்கும் முடிவு.

"அது நியாயந்தானுங்களே. ஆனா அவரு உங்க பொஸ்தகத்த ஒண்ணு விடாமப் படிக்கறவரு. பாத்துட்டு, 'கெணத்து மேட்டுத் தோட்டத்துல மாதையன் நல்லா வெச்சிருக்கான், அச்சுலயே வந்திருச்சு'ன்னு போன்ல சொல்லிட்டாரு. நா இல்லீங்க மாமான்னா, 'அதுல போட்டா சரியாத்தான் இருக்கும், நீ சும்மா இரு'ங்கறாரு."

"ஊர்க்காரங்க சொல்ல மாட்டாங்களா?"

"ரெண்டு பங்காளிக்கு நடுவுல எவன் வந்து நிப்பானுங்க?"

"மாதையன் என்ன சொல்கிறார்?"

பழனியம்மாள் முதன்முறையாகத் தலை குனிந்தார். "ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறான். அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

பேச்சு வருகிற ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அடுத்த இதழ் அதற்கு இரண்டு வாரம் கழித்து. திருத்தம் அச்சாகி வரும்போது தோட்டம் கைமாறியிருக்கும்.

சித்தலிங்கப்பா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து பழனியம்மாளைக் கும்பிட்டார். பிறகு என்னிடம், "தயவிட்டு ஒரு திருத்தம் எழுதுங்கள். தயவிட்டு இன்றைக்கே" என்றார். இரண்டு தயவிட்டு. ஜெயராம் மெல்ல இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் எழுதினேன். படத்தில் காணப்படும் தோட்டம் மாதையனுக்குச் சொந்தமானதல்ல என்று தொடங்கினேன். பென்சில் உயர்ந்தது. "யாருக்கு?" என்றார். "அல்ல என்பதை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் என்ன செய்வார்? ஆம் என்பதைச் சொல்லுங்கள்." அடுத்ததாக, மாதையன் பிறருடைய தோட்டத்தில் நின்று என்று எழுதினேன். "அவரும் நம் வாசகர். அவரை ஊர் நடுவில் நிற்கவைத்து உரிக்க வேண்டாம்" என்றார். ஐந்தாவது தடவை இப்படி நின்றது:

போன இதழில் மாதையன் நிற்கும் தோட்டம் பழனியம்மாளுடையது. எங்கள் போட்டோக்காரர் சொன்னதால் அவர் அங்கே நின்றார். தவறு எங்களுடையது.

மொத்தம் பதினான்கு சொற்கள். "ஞாயிற்றுக்கிழமை கௌதள்ளிக்குப் போய் வாசிக்கிறோம்" என்றார் ஆசிரியர்.

நான் தடுத்துப் பார்த்தேன். "சார், அது அவர்கள் குடும்பப் பேச்சு. கூப்பிடாமல் நாம் எப்படிப் போவது?"

"கூப்பிடாமல் ஏற்கெனவே உள்ளே போய்விட்டோமே. வெளியே வரத்தான் இப்போது போகிறோம்."

ஞாயிறன்று மலைக்கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் கூட்டம். மொட்டை போடப் போகும் குடும்பங்கள், இரண்டு சேவல், ஒரு மிக்ஸி. ஆசிரியர் நின்றுகொண்டே தூங்கினார். நான், திரும்பி வர பஸ் கிடைக்குமா, பேச்சு கைகலப்பானால் எந்தப் பக்கம் ஓடுவது, ரத்தக் கொதிப்பு மாத்திரை எந்தப் பையில் என்று யோசித்துக்கொண்டு போனேன். மாத்திரை மூன்று பையிலும் இல்லை. மேஜைமேல் விட்டிருந்தேன்.

கிணற்று மேட்டில் மோட்டார் அறையின் நிழலில் கூடியிருந்தார்கள். ஏழு பிளாஸ்டிக் நாற்காலி, பதினோரு பேர். எதிரே அந்தத் தோட்டம், போட்டோவில் இருந்தபடியே. நீலக் கட்டச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கத்து மஞ்சளும் நல்ல மஞ்சள்தான், ஆனால் குட்டை.

தாய்மாமன் வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி. மடியில் எங்கள் இதழ். நாங்கள் யார் என்று தெரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அடடே, ஆசிரியருங்களா! மொதப் பொஸ்தகத்துல இருந்து வாங்கறனுங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பு கெடையாது."

"ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் வந்தோம்" என்றார் சித்தலிங்கப்பா.

மாதையன் மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதை எடுத்த இடத்தில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பழனியம்மாள் சற்றுத் தள்ளி, வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"வழக்கம்போலப் படித்துக் காட்டுகிறோம். நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்" என்றார் ஆசிரியர். நான் படித்தேன். ஒரு தடவை, சாதாரண வேகத்தில். கையை ஆட்டவில்லை.

"மாமா, நீங்கள் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியர்.

தாய்மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போட்டோக்காரரு ஏதோ தப்புப் பண்ணிட்டாரு. நீங்க பெரிய மனசு பண்ணி எங்க தப்புங்கறீங்க. அவ்வளவுதானுங்களே? பரவால்லீங்க, வெளிச்சம் கிளிச்சம் கொறஞ்சிருக்கும். படம் நல்லாத்தான் இருக்குது!"

தோட்டம் யாருடையது என்பது அவர் வாயிலிருந்து வரவேயில்லை. பதினான்கு சொற்களில் பன்னிரண்டை விட்டுவிட்டுக் கடைசி இரண்டைப் பிடித்துக்கொண்டார். ஐந்து தடவை தட்டிப் பார்த்த திருத்தம், முதல் ஆளிடமே விழுந்துவிட்டது. 'இல்லைங்க மாமா, முதல் வாக்கியம்' என்று என் நாக்கு நுனிவரை வந்தது. பழனியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆசிரியரைப் பார்த்தேன். பென்சில் உதட்டின்மேல் குறுக்காக நின்றது. வாயைத் திறக்காதே.

அவர் திரும்பினார். "மாதையன், நீங்கள் சொல்லுங்கள்."

"நானுங்களா?"

"கேட்டீர்களே. கேட்டதைச் சொல்லுங்கள்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் எனக்குள் எண்ண ஆரம்பித்தேன், அது என் வழக்கம். நாற்பது தாண்டியதும் விட்டுவிட்டேன். மாதையன் துண்டை மடித்தார், பிரித்தார். தாய்மாமன், "சொல்றா, அதுல என்ன இருக்குது?" என்றார்.

"நா நின்னது அண்ணி தோட்டத்துல மாமா."

"என்னடா?"

"போட்டோல இருக்கறது அண்ணி தோட்டம். அண்ணன் இருக்கறப்ப ரெண்டு பேரும் பாடுபட்டாங்க. அண்ணன் போன பொறவு அண்ணி ஒருத்தி. எந்தோட்டம் அந்தப் பக்கம். அங்க செடி முழங்காலுக்குத்தான் நிக்குது."

"அப்ப போட்டோக்காரரு சொல்லித்தான் நின்னியா?"

மாதையன் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவருக்காகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிவைத்த வாக்கியம் அது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லி அதற்குள் புகுந்துகொள்ளலாம்.

"வெளிச்சத்துக்கு நிக்கச் சொன்னாருங்க. ஆனா நா அதுக்காக நிக்கல. இது நல்லா இருந்துது. அதனால நின்னேன். பொஸ்தகத்துல வந்தப்ப வீட்டுல எல்லாரும் பெருமையாப் பேசுனாங்க. நீங்க போன் பண்ணிப் பேசறப்பவும் வாய் வரலீங்க."

தாய்மாமன் கண்ணாடியைக் கழற்றினார். "மாதையன் இப்போது சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் மாமா" என்றார் சித்தலிங்கப்பா, ஒன்றும் நடக்காதது மாதிரி. பெரியவர் சொன்னார். இந்தத் தடவை ஒரு சொல் விடவில்லை. தோட்டம் பழனியம்மாளுது. புருசனும் பொஞ்சாதியும் பாடுபட்டது. இவன் சும்மா நின்னான். சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் தன் குரலுக்கு மாறி, "அப்பறம் என்ன, கெணத்து மேடு பழனியம்மாளுக்கு. மத்ததைப் பேசுங்க" என்றார். மாதையனை ஒரு பார்வை பார்த்தார். "நின்னதுதான் நின்ன, சட்டையாச்சும் துவைச்சுப் போட்டு நின்னிருக்கலாமில்ல?" சிரிப்பு கிளம்பியது. மாதையனும் சிரித்தார், துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டே. பழனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டார். ரொம்ப நேரம் கழுவினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் திருத்தத்தை எடுத்தேன். "இதை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடலாமா சார்?"

"இது தோற்றுப் போனது. சோதனையில் தோற்றதை என்றைக்கு அச்சடித்திருக்கிறோம்?" என்றார். காதிலிருந்து பென்சிலை எடுத்து என் பதினான்கு சொற்களின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதன் கீழே மாதையன் சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினார். செடி முழங்காலுக்கு நிற்பது உட்பட எல்லாவற்றையும் எழுதினார். மாதையனிடம் மறுபடி போய்ப் படித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டோம். "போடுங்க" என்றார். அடுத்த இதழில் அது வந்தது. முடிவில் ஒரு வரி: சொன்னவர், மாதையன்.

அன்றிலிருந்து படமும் திருப்பிச் சொல்லலுக்குப் போனது. எடுத்த படத்தைப் பக்கத்து வயல்காரரிடம் காட்டி, இது யார், எங்கே நிற்கிறார் என்று கேட்க வேண்டும். ஜெயராம் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டார். பிறகு அவரே மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, தன் யோசனை மாதிரி பேச ஆரம்பித்தார்.

சில வாரம் கழித்துக் கௌதள்ளிக்கு வேறு வேலையாகப் போனேன். பழனியம்மாள் மடை திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பொஸ்தகம் பாத்தனுங்க. தோட்டம் என்னுதுன்னு போட்டிருக்கீங்க, ரொம்ப சந்தோசம். ஆனா கீழ பேரு மறுபடியும் அவனுதுதானுங்களா?"

எண்ணிப் பார்த்தால், இரண்டு இதழிலும் சேர்த்து மாதையன் பெயர் பல தடவை வந்திருந்தது. அந்த அம்மாள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. மாதையன் அவரை 'அண்ணி' என்று மட்டுமே சொல்லியிருந்தார்.

"அடுத்த இதழில் உங்களைப் பற்றியே எழுதுகிறேன் அம்மா. போட்டோவோடு."

"எழுதுங்க. ஆனா நா போயி அவன் தோட்டத்துலதான் நிப்பேன்."

வரப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த மாதையன் நிமிர்ந்தார்.

"வாங்க அண்ணி, வந்து நில்லுங்க. இங்க முழங்காலுக்குத்தான் இருக்குது. ஆளு முழுசாத் தெரியும்."